சூசை படுத்திருந்த இடம்

பிலோமினாவின் மனையில் இருநூறு வகைப் பூஞ்சைகள் இருந்தால் அது உயிருள்ள மண், வீடு அவர்களுடையது. குறைந்தால் வெறும் மணல். சூரிய மின்தகடு போட அரசு எடுத்துக்கொள்ளும். கடற்கரையில் எல்லா வீட்டுக்கும் இப்போது இதுதான் பட்டா.

கணக்கெடுக்க வந்த பெண் முற்றத்தில் கருவியைக் குத்தினாள். அது மண்ணிலிருந்த டி.என்.ஏ.வைப் படித்துவிட்டு ஒன்பது என்றது.

"அக்கா, மண்ணுல என்ன போட்டீங்க?"

"ஆபீசர் வாராங்களேன்னு பெருக்கி, ரெண்டு பாக்கெட் பிளீச்சிங் பவுடர் போட்டேம்மா," என்றாள் பிலோமினா பெருமையாக. பவுடர் பூஞ்சைகளையும் கொன்றிருக்கும் என்பது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"பவுடர் போடாத இடம் ஏதாச்சும் இருக்கா? இன்னொரு தடவ பாக்கலாம்."

ஒரே ஒரு இடம் இருந்தது. உடைமரத்தடியில் பிலோமினாவின் கணவர் சூசை படுத்திருந்தார். காலையில் நான்கு முறை எழுப்பியும் எழும்பாததால் அவரைச் சுற்றித்தான் பவுடர் தூவியிருந்தாள். பதினெட்டு வருடமாக மீன் முள், புளித்த கஞ்சி, வெற்றிலை எச்சில் எல்லாவற்றையும் அவர் படுத்தபடியே கொட்டுவது அங்கேதான்.

"கொஞ்சம் புரண்டு படுங்கண்ணே," என்று சொல்லி அவர் கிடந்த இடத்தில் அந்தப் பெண் கருவியைக் குத்தினாள்.

இருநூற்றுப் பதினாறு.

பிலோமினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப என்னட்டி, எந்திரிக்கணுமா?" என்றார் சூசை கண் திறக்காமல்.

"ஐயோ, வேண்டாம்! நீங்க அப்படியே கெடங்க," என்றாள் பிலோமினா, கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக. மத்தியானச் சோற்றை அங்கேயே கொண்டுபோய் வைத்தாள். சொம்பில் தண்ணீரும் வைத்தாள்.

"கையயும் இங்கனயே கழுவிருங்க."