மயிலியின் ஆறு மரங்கள்

ஆவணி 12. ஆறு மரங்களில் பட்டை தேய்ந்திருந்ததை நோய் என்று எழுதியது தவறு.

எழுதிய பிறகும் அவன் பேனாவை மூடவில்லை. 'தவறு' என்பதன் கீழே ஒரு கோடு போட்டான். இன்னொரு கோடும் போட்டான்.

இன்று காலையில் மூன்று ஏக்கரும் வெட்டவெளியாகக் கிடந்தது.

நாற்பத்தொரு சீமைக்கருவேல மரங்கள் இருந்த இடம். பங்குனியில் அந்தக் காய்களைத் தின்றுவிட்டு, அவன் வளர்க்கிற பெண் குதிரை மயிலி வயிறு உப்பி இரண்டு நாள் புரண்டாள். பிழைத்ததே பெரிது என்றார் மாட்டு டாக்டர். அன்றைக்கு எடுத்த முடிவு. மரத்தையெல்லாம் எடுத்துவிட்டுக் கொழுக்கட்டைப் புல் விதைப்பது. மயிலிக்கென்று ஒரு மேய்ச்சல் நிலம்.

வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டான். கொட்டகை மூலையிலிருந்து எத்தனை அடி, எந்தத் திசை, என்ன பருமன். எல்லாவற்றையும் நோட்டில் குறித்தான். சந்தேகம் வந்து மறுபடியும் அளந்தான்.

"வெட்டப்போற மரத்துக்கு எதுக்குங்க ஜாதகம்?" என்று சிரித்தாள் மனைவி நாயகி.

அளக்காமல் ஒன்றைச் செய்ய அவனுக்கு வராது. அளந்த பிறகும் நம்பிக்கை வராது.

4, 9, 13, 20, 26, 33. இந்த ஆறில் மட்டும் நெஞ்சு உயரத்தில் பட்டை வழவழவென்று இருந்தது. பக்கத்தில் 'நோய்' என்று எழுதிவைத்தான்.

பொக்லைன் நான்கு நாள் ஓடியது. டிரைவர் தாமோதரன் வேரோடு பிடுங்கி, குழிகளை மூடி, நிலத்தைச் சமன் செய்து கொடுத்தார். அதுவரை மயிலியைப் பக்கத்துத் தோட்டத்தில் கட்டியிருந்தார்கள்.

இன்று கொண்டுவந்து அவிழ்த்துவிட்டார்கள்.

கொட்டகை வாசலில் மயிலி நின்றாள்.

எதிர்க்கோடியில் தண்ணீர்த் தொட்டி. பதினோரு வருடமாக அவளே போய்க் குடித்து, அவளே திரும்பி வருகிற தொட்டி. யாரும் கயிறு பிடித்ததில்லை.

முன்கால் ஒன்றைத் தூக்கினாள்.

காதுகள் முன்னும் பின்னும் திரும்பின.

தூக்கிய காலைப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

"டிக்கெட் வாங்கோணும்னு நிக்கறாளாட்ட இருக்குது, மாப்ள" என்றார் தாமோதரன்.

அவனும் சிரித்தான். கயிற்றைக் கட்டி இழுத்துப் பார்த்தான். மயிலி நடுங்கினாள். கயிற்றை விட்டுவிட்டான்.

வெயில் ஏறியது. வாளியில் கொண்டுவந்து வைத்த தண்ணீரை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உச்சி சாய்ந்தும் ஒரு வாய் இறங்கவில்லை.

நாயகி போய் மயிலியின் முகத்துக்கு நேரே கையை ஆட்டினாள். மறுபடியும் ஆட்டினாள். பிறகு அந்தக் கையை மயிலியின் கழுத்திலேயே வைத்துக்கொண்டாள்.

"கண்ணு தெரியலீங்க இவளுக்கு."

எத்தனை நாளாக?

மரத்துக்கு மரம் தோளை உரசிக்கொண்டு, ஒரு நாளும் தவறாமல் போய்வந்தவள். யாருக்குத் தோன்றியிருக்கும்.

அவன் உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தான்.

நாலாம் மரம். கொட்டகை மூலையிலிருந்து பன்னிரண்டு அடி, கிழக்கே. அங்கே ஒரு குச்சி நட்டான். அப்படியே ஆறு குச்சிகள், தொட்டி வரை. மறுபடி அளந்து பார்க்கத் தோன்றவில்லை.

முதல் குச்சியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் நின்றான். அடுத்ததில் நாயகி.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு குளம்புச் சத்தம்.

மயிலியின் தோள் அவன் நெஞ்சில் வந்து உரசியது. ஒரு கணம் நின்றாள். இத்தனை மெத்தென்ற மரத்தை அவள் அறிந்ததில்லை. மூக்கால் அவன் சட்டையைத் தடவினாள். கடந்தாள்.

அவள் நாயகியைத் தொடுவதற்குள் அவன் பதின்மூன்றாம் மரத்தின் இடத்துக்கு ஓடியிருந்தான். அவன் இருபத்தாறுக்குப் போனபோது நாயகி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முப்பத்து மூன்றுக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

தொட்டி.

மயிலி குடிக்கிற சத்தத்தை இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்கள். திரும்பும்போது அதே வரிசை, தலைகீழாக.

விளக்கைப் போட்டு நோட்டைத் திறந்தது அதற்குப் பிறகுதான். இரண்டு கோடுகளுக்கும் கீழே எழுதினான்:

நாளை. ஆறு இடத்திலும் கல்தூண்கள், சாக்குச் சுற்றி நட வேண்டும். கல் வர மதியமாகும்.

காலைத் தண்ணீருக்கு 4, 13, 26 நான். 9, 20, 33 நாயகி.