நொச்சிக்கும் வெள்ளிக்கும் நடுவில் என் கால்

எங்கேயாவது மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் ஆய்வுக்கூடத்துக் கூண்டில் இருக்கும் எலி, படிப்பெல்லாம் கிடையாது.

புது மருந்தைச் சோதிக்க, ஊசி போட்டு என் வலது பின்னங்காலை வீங்க வைத்திருந்தார்கள். வெள்ளி உப்பை நொச்சி இலைச் சாற்றில் கலந்து, கண்ணுக்கே தெரியாத வெள்ளித் துகள்களாக ஆக்கிய மருந்து அது. தடவினார்கள், வீக்கம் வடிந்தது. உடனே மருந்துக் குப்பிக்குள் சண்டை ஆரம்பித்தது.

"வடிய வைத்தது நான்தான்" என்றது வெள்ளி.

"விஷ ரசாயனம் எதுவும் இல்லாமல் உன்னை இவ்வளவு பொடிசாக்கியது யார்? நான் சுற்றிப் பிடிக்காவிட்டால் நீயும் உன் சொந்தக்காரர்களும் ஒட்டிக்கொண்டு அடியில் கட்டியாகக் கிடப்பீர்கள்" என்றது நொச்சி.

"சளிக்கு ஆவி பிடிக்கிற இலைக்கு இவ்வளவு பேச்சா, அக்கா?"

"சரி தம்பி, தனித்தனியாகவே பார்த்துவிடலாம். எலியம்மாவின் இடது கால் சும்மாதானே இருக்கிறது?"

"ஆமாம், நல்ல யோசனை" என்றது வெள்ளி. அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"உங்கள் இருவராலும்தான் பிழைத்தேன்" என்று கும்பிட்டுவிட்டு, இடது காலை மடக்கி அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.