வாசல் தாழ்ப்பாள்

"ஏம்ப்பா சின்னப்பராஜ், உனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? துண்டு மாட்டுற ஆணிய எவனாவது முழங்கால் ஒசரத்துல அடிப்பானா?"

மிக்கேலம்மாள் கரண்டியும் கையுமாகக் கூடத்து வாசலில் நின்றிருந்தாள். மாரண்டஹள்ளிக்கு வெளியே இருந்த அந்தப் பங்குப் பள்ளிக்கூடத்தில் பதினைந்து வருடமாக அவள்தான் சமையல். எண்பத்தாறாம் வருஷக் கோடை லீவில் பாலக்கோட்டு மகள் வீட்டில் நிம்மதியாக இருந்தவளை, "முப்பது பிள்ளைகள் பத்து நாள் முகாமுக்கு வருகிறார்கள், உடனே வரவும்" என்று பங்குச் சாமியார் ஆளனுப்பி வரவழைத்திருந்தார். வந்து பார்த்தால், கூடத்தை ஒரு வழி பண்ணி வைத்திருக்கிறான் தச்சு வேலைக்கு வந்தவன்.

சின்னப்பராஜ் திரும்பவில்லை. அடுத்த ஆணியையும் அதே உயரத்தில் வைத்து அடித்தான்.

"வர்றது பத்துப் பன்னெண்டு வயசுப் புள்ளைங்கப்பா. பால்வாடியா நடத்தப் போறோம்?"

"தெரியுங்கக்கா."

"தெரிஞ்சா இப்பிடிப் பண்ணுற? ஆமா, சாப்பாட்டு மேசைக்குக் காலெல்லாம் எங்க?"

"அறுத்துட்டேனுங்க."

எட்டு மேசைகளும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மணைப்பலகை மாதிரி கிடந்தன.

வந்த கோபம் வந்த வேகத்திலேயே இறங்கிவிட்டது. பாவம், அவனை என்ன சொல்வது? போன கார்த்திகையில் ஒரே மகள் அமலி காய்ச்சலில் போனதிலிருந்து அவன் கை அவனிடம் இல்லை. கம்பைநல்லூரில் ஒரு வீட்டுக்குச் செய்த சன்னல் சட்டத்தில் உட்காரவில்லை. இன்னொரு வீட்டில் கட்டில் ஆடியது. அதற்கப்புறம் யாரும் அவனைக் கூப்பிடுவதில்லை. இந்த வேலையிலாவது பேரைக் காப்பாற்றிக்கொள்ளட்டும் என்றுதான் சாமியார் கூப்பிட்டிருக்க வேண்டும். இதையும் கெடுத்தான் என்றால், சுற்றுவட்டாரத்தில் இனி எவனும் அவனை உளி தொட விடமாட்டான்.

"இங்க பாரு தம்பி. சாமி சேலம் போயிருக்காரு. நாலு மணிக்குப் புள்ளைங்களோட பஸ்ஸுல வந்து எறங்கிருவாரு. அதுக்குள்ள ஆணியையாவது புடுங்கி மேல அடிச்சிரு. மேசைக்கு நா ஏதாச்சும் சொல்லிச் சமாளிக்கறேன்."

"சாமி சொன்ன வேலைதாங்க இது."

"சாமியா இந்த அளவு குடுத்தாரு?"

"அளவு அவருக்குத் தெரியாதுங்க. உனக்குத் தெரிஞ்ச மாதிரி செய்யின்னாரு."

"அதான பாத்தேன்!"

அவன் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டு போய், அவளே ஒரு ஆணியைப் பிடுங்கப் பார்த்தாள். சின்னப்பராஜ் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தான்.

"வேண்டாங்கக்கா. அந்தப் புள்ளைங்க..."

சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சுத்தியலைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

மிக்கேலம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அமலி நெனப்பாப்பா? எம்மக பிரசவத்துக்குப் போயிட்டு, அடக்கத்துக்குக்கூட நா வர முடியல. அந்தப் புள்ள மொகத்தையே நா பாத்ததில்ல போ. ஏரிக்கு அந்தாண்ட தனியா வூட்டக் கட்டிக்கிட்டே. கோயில் திருவிழாவுக்குக்கூடக் கூட்டியாரல. எப்பக் கேட்டாலும் காய்ச்சல், காய்ச்சல்னே சொல்லுவே."

அவன் வெளியே போய், கேட்டிலிருந்து கூடம் வரைக்கும் குத்துக்காலிட்டு நகர்ந்து நகர்ந்து, மண்ணில் கிடந்த கல்லையும் முள்ளையும் ஒன்று விடாமல் பொறுக்கினான். வெயில் முதுகைக் காய்ச்சியது. அவள் கொண்டுபோய்க் கொடுத்த மோரைக்கூட அவன் வாங்கவில்லை.

மூன்று மணிக்கு வாசல் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி, முழங்கால் உயரத்தில் வைத்து அளந்தான்.

"அதையுமா எறக்கறே? வேணாம்ப்பா. புள்ளைங்க நெனச்ச நேரத்துக்குத் தெறந்துக்கிட்டு வெளிய போயிரும்."

"போகட்டுங்க!" அன்றைக்கு முதல் தடவையாக அவன் குரல் உயர்ந்தது. "வெளிய போகட்டும்."

இனி இவனோடு மல்லுக்கட்ட முடியாது என்று அவள் சாம்பாரைக் கவனிக்கப் போய்விட்டாள். சாமியார் வந்து பார்த்துவிட்டு என்ன சொல்வாரோ என்று அடுப்படியில் நின்றபடி மாதாவிடம் அவனுக்காக ஒரு மன்றாட்டும் வைத்தாள்.

நாலரைக்குப் பஸ் வந்தது.

முதலில் இறங்கிய சாமியார், ஒரு பையனை இரண்டு கையாலும் தூக்கி மெதுவாகத் தரையில் உட்காரவைத்தார். அப்புறம் இன்னொருவன். அப்புறம் ஒரு சிறுமி. இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிப்போன கால்களை இழுத்துக்கொண்டு, கைகளில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, முப்பது பிள்ளைகளும் கல்லில்லாத அந்த மண்ணில் தவழ்ந்து வந்தார்கள்.

முதல் பையன் கூடத்துக்குள் நுழைந்து, யாரையும் கேட்காமல் துண்டை ஆணியில் மாட்டினான். அந்தச் சிறுமி கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். திறந்தாள். மறுபடியும் போட்டாள், மறுபடியும் திறந்தாள். அவள் சிரிப்பு வாசல் வரைக்கும் கேட்டது.

"ஒரு அங்குலம் தப்பலியேப்பா..." மிக்கேலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இந்த அளவெல்லாம் உனக்கு எப்பிடித் தெரியும்?"

சின்னப்பராஜ் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க அமலியோட அளவுங்கக்கா. அவளுக்காக வூட்ல எல்லாத்தையும் எறக்கி வெச்சேன்; யார் கண்ணுலயும் பட்டுரக் கூடாதுன்னு, வாசத் தாப்பாள மட்டும் கடைசி வரைக்கும் மேலயே வெச்சுட்டேனுங்க."