குறையும் ஒரு ரன்

திருச்சி லீக் கிரிக்கெட் ஆட்டங்களை முப்பது வருடமாகப் பத்திரிகைக்கு எழுதுபவர் அருள்நாதன். மழையால் நின்றுபோன ஓர் ஆட்டத்தில் அவர் மகன் ஜெரோம் 96 நாட் அவுட். மறுநாள் முக்கொம்பில் குளிக்கப் போனவன் பிணமாகத்தான் வந்தான்.

அடுத்த ஞாயிறு அவர் அனுப்பிய ஸ்கோரைப் பார்த்துவிட்டு, பத்திரிகை அலுவலகத்திலிருந்து ரஞ்சனி கூப்பிட்டாள்.

"சார், டோட்டல் 187 போட்டிருக்கீங்க. பேட்ஸ்மேன் ரன், எக்ஸ்ட்ரா எல்லாம் கூட்டினா 186தான் வருது. ஒரு ரன் இடிக்குதே?"

பந்துக்குப் பந்து அவர் கையால் குறித்தது. எங்கும் பிழையில்லை. அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் அதே ஒரு ரன் இடித்தது.

நான்காவது ஞாயிறும் அதே ஒரு ரன்னுக்காகக் கூப்பிட்டாள்.

"இன்னியோட அவனுக்கு நூறும்மா" என்றார்.

ஐந்தாவது ஞாயிறு, "இன்னிக்குக் கரெக்டா இருக்கு சார்" என்றாள்.

எங்காவது ஒரு ரன் குறையாதா என்று இருட்டும்வரை கூட்டிக்கொண்டிருந்தார் அருள்நாதன்.