மூன்றாவது துளைக்காரர் சொன்னது

சத்தியம்.

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையில் வைத்து அணைத்துச் சொல்வதாகவே வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு எழுத்து பொய்யென்றால் சொல்கிற நாக்கு அழுகட்டும். எல்லாம் மூன்றாவது துளையில் உட்கார்ந்திருந்தவர் கண்ணால் கண்டு சொன்னது.

முதல் துளையில் நுமீசியுஸ். இரண்டாவதில் அவன்.

ரோமாபுரி ஆண்ட காலம். ஊர்ப் பொதுக் கழிப்பிடம். கற்பலகை ஒன்று, அதில் வரிசையாகத் துளைகள். நடுவில் தட்டி கிடையாது. ஒருவன் முழங்கால் அடுத்தவன் முழங்காலை உரசும். பெரிய மனிதர்கள் அங்கே உட்கார்ந்துதான் ஊர்வம்பு பேசுவார்கள். அங்கே வைத்தே விருந்துக்கும் அழைப்பார்கள்.

இவர்கள் இருவரும் பக்கத்து வீட்டுக்காரர்கள். இருவருக்கும் நடுவே ஒரு வழக்கு.

குச்சி நுமீசியுஸ் கையில் இருந்தது.

நுனியில் கடற்பஞ்சு கட்டிய குச்சி. துடைத்துக்கொள்ள அதுதான். ஊருக்கே பொது. தண்ணீரில் முக்கி, வேலையை முடித்து, அலசி, அடுத்தவனிடம் நீட்ட வேண்டும். அது மரியாதை. மூலையில் இன்னும் இரண்டு குச்சிகள் சாத்தியிருந்தன. இரண்டிலும் பஞ்சு போய் வெறும் கம்பு.

"ஆயிற்றா ஓய்?" என்றான் அவன்.

"எங்கே ஓய்! நேற்று அத்திப்பழம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது."

நுமீசியுஸ் குச்சியைச் செங்கோல் மாதிரி நட்டமாகப் பிடித்துக்கொண்டான். பஞ்சு காய்ந்தே இருந்தது.

மூன்றாவது துளைக்காரருக்கும் குச்சி வேண்டியிருந்தது. ஆனால் அவருக்கு வழக்கு இல்லை. காத்திருந்தார்.

கூரைத் திறப்பு வழியாக விழுந்த வெயில் தரையில் ஊர்ந்துகொண்டிருந்தது. அது காலடி வாய்க்காலைத் தொட்டால் உச்சிப்பொழுது. உச்சிப்பொழுதில் நீதிபதி வழக்கைக் கூப்பிடுவார். வழக்குப் போட்டவன் வந்து நிற்காவிட்டால் தள்ளுபடி.

வழக்குப் போட்டவன் அவன்.

எட்டு நாளுக்கு முன் அவன் தன் வாசலில் கால் வைத்தபோது, நுமீசியுஸின் மாடி ஜன்னலிலிருந்து ஒரு சட்டி கவிழ்ந்தது. இரவெல்லாம் ஒரு குடும்பமே உட்கார்ந்து நிரப்பிய சட்டி. அவன் போர்த்தியிருந்தது டோகா. பன்னிரண்டு முழ வெள்ளைக் கம்பளி. அவனிடம் இருந்தது ஒன்றே ஒன்று.

வென்றால் அந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைப்பார்கள்.

தோற்றால் அது திறந்தே இருக்கும். அவன் சாகும்வரை. அவன் தலைக்கு நேர் மேலே.

ஆனால் அவன் ஒரு தப்புச் செய்துவிட்டான்.

அழுக்கு டோகாவோடு நீதிமன்றப் படி ஏறினால் ஊர் சிரிக்கும். ஆகவே வெளுக்கப் போட்டான். சலவைக்காரன் வழக்கம்போல அதை ஊரார் மூத்திரத்தில் ஊறவைத்து, ஏறி நின்று மிதித்து, அலசி, சுண்ணம் தேய்த்துக் கொடுத்தான். பால் மாதிரி வெளுத்துவிட்டது.

கறை போயிற்று.

கறைதான் சாட்சி.

"எங்கே, காட்டு" என்பார் நீதிபதி. எதைக் காட்டுவது? இந்த நினைப்பிலேயே வயிறு கலங்கி, நீதிமன்றம் போகிற வழியில் இங்கே நுழைந்தான். தெருவில் நின்று பார்த்த நுமீசியுஸ் பின்னாலேயே வந்தான். உட்காருவதற்கு முன் குச்சியைக் கைப்பற்றினான்.

வெயில் வாய்க்காலுக்கு ஒரு சாண்.

"நேரமாகிறதே ஓய்" என்றான் நுமீசியுஸ். "அப்படியே எழுந்து போமே. யார் பார்க்கப் போகிறார்கள்? வெள்ளை டோகா. கொஞ்சம் பளிச்சென்று தெரியும், அவ்வளவுதானே."

அவன் திரும்பி நுமீசியுஸைப் பார்த்தான்.

எட்டு நாளில் முதல்முறையாக அவன் முகம் தெளிந்தது.

வெயில் நாலு விரல்.

அவன் டோகாவின் தலைப்பைத் தோளிலிருந்து எடுத்தான். மெதுவாகப் பின்னால் கொண்டுபோனான். சலவைக்காரனைவிடப் பொறுமையாகத் தேய்த்தான். முன்னால் கொண்டுவந்து வெயிலில் விரித்துப் பார்த்தான்.

போதவில்லை போலிருக்கிறது. இன்னொரு முறை.

பிறகு எழுந்து நின்று, அந்தத் தலைப்பை மார்பின் குறுக்கே, ஊர் பார்க்கிற மாதிரி போட்டுக்கொண்டான்.

நுமீசியுஸின் சிரிப்பு அப்படியே நின்றது. அப்புறம் ஒவ்வொரு பல்லாக மறைந்தது.

"ஓய்."

குச்சியை நீட்டினான்.

"இந்தாரும் ஓய். நானே நனைத்துத் தருகிறேன். துடைத்துக்கொண்டு போம். பக்கத்து வீட்டுக்காரன் சொல்கிறேன், கேளும்."

"வேண்டாம் ஓய். நீர் நிதானமாக முடித்துக்கொண்டு வாரும்."

அவன் வாசலைத் தாண்டியபோது வெயில் இன்னும் வாய்க்காலைத் தொடவில்லை. தெருவில் ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ராஜாவுக்கு விடுவது மாதிரி.

பின்னாலேயே ஓட வேண்டும். ஓடிப்போய் நீதிபதியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்.

ஆனால் பயத்தில் நுமீசியுஸுக்கு இப்போது நிஜமாகவே வந்துவிட்டது.

அந்தரத்தில் நீட்டியபடி இருந்த குச்சியை மூன்றாவது துளைக்காரர் எட்டி வாங்கிக்கொண்டார்.

அவருக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

அந்தக் கழிப்பிடம் இன்றும் இடிபாடாக இருக்கிறது. கற்பலகைக்கு ஒரு சேதமும் இல்லை.

அதில் மொத்தம் இரண்டு துளைகள்.