பாட்டு நின்ற வீடு

"ஷேவ் பண்ணும்போது பாடுவாருங்க. குரல் ஒரு பக்கம் போகும், பாட்டு ஒரு பக்கம் போகும். கிண்டல் பண்ணினா, 'சவரம் பண்ணத்தானே வந்தேன், கச்சேரி பண்ணவா?'ம்பாரு."

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் சொன்னதைக் கேட்டுப் பெண் டாக்டர் சிரித்துவிட்டாள். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி பழுதாகி ஹார்மோன் குறைந்தவர்களின் மனசு என்னவாகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. நோய்க்கு முன்பே நோயாளியை நன்றாக அறிந்த ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும் என்பது அதில் விதி.

நோயாளி பக்கத்து அறையில் ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். கூட வந்த இன்னொரு பெண், தங்கையாக இருக்க வேண்டும், வெளியே பெஞ்சில் அவருடைய கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போன வாரம் தனியாக வந்தபோது நோயாளி முப்பது கேள்விக்கும் 'தெரியல' என்றே சொல்லியிருந்தார். இந்த அம்மாளுக்கோ வாய் ஓயவில்லை.

"கோபம் வருமா?"

"மூக்கு மேல உட்கார்ந்திருக்கும். கதவைப் படார்னு சாத்திட்டுப் போவாரு. அஞ்சே நிமிஷம். செருப்பை மாத்திப் போட்டுட்டேன்னு புளுகிக்கிட்டே திரும்பி வருவாரு."

சொல்லும்போதே அவள் முகத்தில் பத்து வயது குறைந்தது.

"எப்ப மாறினாரு?"

"முதல்ல பாட்டு நின்னுச்சு. அப்புறம் சண்டையும் நின்னுச்சு. 'நான் செத்தாக்கூட அழமாட்டீங்களா?'ன்னு கேட்டேன். யோசிச்சுப் பாத்துட்டு, 'தெரியல'ன்னாரு."

"அவரைக் குத்தம் சொல்ல முடியாதும்மா. ஸ்கேன்ல கட்டி தெரிஞ்சது இப்பத்தான். ஆனா பன்னிரண்டு வருஷமாவது உள்ளே மெதுவா வளர்ந்திருக்கும். ஆசை, அழுகை எல்லாத்தையும் அதுதான் அமுக்கி வெச்சிருக்கு."

அவள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப, என்மேல வெறுப்பு இல்லையா?"

"இருந்திருக்காதும்மா. ஹார்மோன் கொடுக்க ஆரம்பிச்சாச்சு. பழைய மனுஷன் கொஞ்சமாவது திரும்பி வருவாருன்னு நம்பறோம்."

"பாடுவாரா?"

"பாடட்டுமே. உங்க காதுதான் பாவம்!"

சிரித்தபடியே டாக்டர், படிவத்தில் 'உறவு' என்ற கட்டத்தில் 'மனைவி' என்று எழுதப்போனாள்.

"எழுதாதீங்க டாக்டர்" என்று அவள் கையைப் பிடித்தாள் அந்த அம்மாள். "என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நெனச்சு, பத்து வருஷம் முன்னாடியே விவாகரத்து வாங்கிட்டுப் போனவ நான். வெளியே கண்ணாடி துடைக்கிறாளே, அவதான் மனைவி. அவர் பாடி ஒரு நாளும் கேட்டதில்லைன்னு, பழைய மனுஷனை விசாரிக்க என் வீடு தேடி வந்து கூட்டிட்டு வந்தா."