ஒட்டு

கேபிளைப் பிடித்த விரல்கள் அதை உருவி எடுக்காமல் நின்றுவிட்டன.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இயக்குநரும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அதிகாரியும் டீம் லீடரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. சர்வர் அடுக்குகளின் பின்பக்கம் எப்போதும் அனல் காற்றுதான், பழியை அதன்மேல் போட்டுக்கொள்ளலாம்.

வேலை என்னவோ சின்னதுதான். ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்கள் எல்லாம் அறைக் கோடியில் உள்ள ஸ்டோரேஜ் பெட்டியில் இருக்கின்றன. ஒவ்வொரு சர்வரிலிருந்தும் அதற்கு இரண்டு வழி. சிவப்புக் கேபிள், ஸ்விட்ச் என்கிற ஒரு இணைப்புப் பெட்டி வழியாகப் போகும், பச்சைக் கேபிள் இன்னொன்றின் வழியாக. ஒன்று படுத்துக்கொண்டாலும் மற்றது தாங்கும்.

இன்று சிவப்பு ஸ்விட்சை மாற்ற வேண்டும். மொத்தப் பாரத்தையும் பச்சைக்குத் தள்ளியாகிவிட்டது. சிவப்பை உருவினால் ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. தவறிப்போய்ப் பச்சையை உருவினால், அங்கே மேஜையில் ஒரு ஆளை அறுத்துப் போட்டுவிட்டு டாக்டர் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

டீம் லீடருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். இரண்டும் ஒரே பழுப்பு.

இது யாருக்கும் தெரியாது. வேலைக்குச் சேரும்போது, நிறப் பரிசோதனை அட்டையில் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்களை முன்னால் போய்வந்தவனிடம் கேட்டு, கண் டாக்டரிடம் அப்படியே ஒப்பித்துத் தேறிய மனிதர். கட்டிய மனைவியே, பாவம், துணி எடுப்பதில் இவருக்கு ரசனை மட்டம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மற்ற அடுக்குகளில் சிவப்பு எப்போதும் இடது பக்கம். இந்த அடுக்கில் மட்டும் எந்தப் புண்ணியவானோ வலமும் இடமுமாக மாற்றி மாற்றிச் செருகித் தொலைத்திருந்தான். லேபிள்கள் சூட்டில் சுருண்டு உதிர்ந்துவிட்டன. செருகிய இடத்தில் மினுக்கும் விளக்கைப் பார்க்கலாம் என்றால், நின்ற வழிக்குச் சிவப்பு, ஓடும் வழிக்குப் பச்சை. விளக்கு வைத்தவனும் சேர்ந்து சதி செய்திருக்கிறான்.

ஆனாலும் இந்த ஒரு வருடமாக இங்கே அவர் கை தவறியதே இல்லை. எப்படி என்று அவருக்கே புரியாத விஷயம். அதனாலென்ன, கண்ணே வேண்டாம், கைக்கே தெரியும் என்று பீற்றிக்கொள்வார். கேபிளில் வேறு யாரையும் கைவைக்க விடமாட்டார்.

இன்று கைக்குத் தெரியவில்லை.

கழற்றிய முனைகளுக்குப் போடும் மூடிகளை வைத்துக்கொண்டு பக்கத்தில் ஒட்டு நின்றிருந்தாள்.

ஒட்டு என்பது அவர் வைத்த பட்டப்பெயர். அவர் வயதுதான் அவளுக்கும், அவர் படித்த படிப்புத்தான். போன வருடம் வேறு கம்பெனியிலிருந்து வந்து சேர்ந்தவள். வந்ததிலிருந்து கேபிள்களில் கறுப்பு டேப்பைத் துணுக்குத் துணுக்காக ஒட்டிவைப்பாள். பெயர் டீமுக்குப் பிடித்துப்போய், இயக்குநர் வாய்வரைக்கும் ஏறிவிட்டது.

காலையில்கூட டீம் லீடர் எல்லார் முன்னாலும் அவளைப் பிடித்து உலுக்கி எடுத்திருந்தார்.

"இது என்ன கிழிஞ்ச புஸ்தகமா, கண்ட இடத்துல டேப் ஒட்ட? அவங்க வர்றதுக்குள்ள மேல ஒண்ணுகூட தெரியக் கூடாது, சொல்லிட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் அடுக்கின் பின்னால் போனாள்.

இப்போது அவருடைய கட்டைவிரல் பிளக்கை ஒட்டிக் கேபிளின் முதுகைத் தானாகத் தடவிக்கொண்டிருந்தது. வழுவழுவென்று இருந்தது. அடுத்த கேபிளுக்குத் தாவியது. அதுவும் வழுவழு.

எதைத் தேடுகிறது இந்த விரல்?

ஒரு சின்ன மேட்டைத் தேடுகிறது. டேப்பின் விளிம்பை. இத்தனை நாளும் அவர் சரியாக உருவிய ஒவ்வொரு கேபிளிலும் அது இருந்தது. அவள் கண்ட இடத்தில் ஒட்டவில்லை. சிவப்பில் மட்டும்தான் ஒட்டியிருந்தாள்.

அப்படியென்றால் வந்த புதிதிலேயே கண்டுபிடித்திருக்கிறாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. அவரிடமும்தான்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்படியே கூனிக் குறுகிப் போனார். மானம் போனால் போகட்டும், வேலையும் போகட்டும், இதில் எது சிவப்பு என்று கேட்டுவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தார்.

அதற்குள் அவள், கையிலிருந்த மூடியைத் துடைத்தபடி, அவருக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னாள்:

"மேலதானே சார் தெரியக் கூடாதுன்னீங்க?"

விரல் கேபிளின் அடிப்பக்கம் போனது.

மேடு தட்டுப்பட்டது.

உருவினார். அடுத்த சர்வரிலும் உருவினார். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் உருவி முடித்தார். எங்கும் எதுவும் நிற்கவில்லை.

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு இயக்குநர் சிரித்த முகமாக உள்ளே வந்தார்.

"பாத்தீங்களா, குனிஞ்சுகூடப் பாக்கல மனுஷன்! ஒட்டு, பக்கத்துலயே நின்னு கத்துக்கம்மா."

அவள் தலையாட்டிவிட்டு, கடைசி முனைக்கு மூடியைப் போட்டாள்.

இல்லை என்று சொல்ல வந்தவர், அவள் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போது அவர் முகம் என்ன நிறத்தில் இருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும்.